நாலு யாசீன் தூரம்

கல்முனை பஸாரில் தையல்காரர் ஜவுபரிடம் காற்சட்டை தைக்கக் கொடுத்தவனுக்கு இரண்டு அளவு எடுக்கப்படும். ஒன்று இடுப்புக்கு, மற்றது மூளைக்கு. நாடாவை இடுப்பில் சுற்றிக்கொண்டே, "டகோட்டாவிலயும் அவ்ரோவிலயும் எந்தப் பிளேனுக்குத் தம்பி இறக்கை முதுகுக்கு மேல இரிக்கி?" என்று கேட்பார். வந்தவன் பேந்தப் பேந்த விழித்து ஏதோ ஒன்றைச் சொல்வான். "ரெண்டுக்கும் இல்ல! ரெண்டுக்கும் வயித்தோடதான் இறக்கை" என்று ஜவுபர் சிரிக்கும்போது பல்லிடுக்கில் பிடித்திருந்த குண்டூசி கீழே விழும். காற்சட்டையின் அளவு சில வேளை பிழைத்துப்போகும். பிளேன் விஷயத்தில் மனிதர் பிழைத்ததாக யாரும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் அவர் பிளேனில் ஏறியவரல்ல. பத்து வயதில் வாப்பாவோடு வண்டியில் போய், கல்லோயாவில் டகோட்டா இறங்குவதைக் கண்டார். அன்றைக்குப் பிடித்தது, நாற்பது தாண்டியும் விடவில்லை. எழுபதுகளின் கடைசியில் வீட்டுக்கு ஒருவர் என்று சனம் அரபு நாடுகளுக்குக் கிளம்பத் தொடங்கியதும் ஜவுபருக்கு யோகம் அடித்தது. போகிறவர்களின் பயண உடுப்புக்குக் கூலி வாங்கமாட்டார். பதிலுக்குத் திரும்பி வரும்போது, பிளேனில் ஆசனத்துக்கு முன்னால் செருகியிருக்கும், ஆபத்து வந்தால் எப்படிக் குதிப்பது என்று படம் போட்ட அட்டையைக் கொண்டுவந்து தரவேண்டும். நேர அட்டவணைப் புத்தகம் கிடைத்தால் இன்னும் விசேஷம். கடைச் சுவரில் சட்டைப் படங்களுக்குப் பதிலாக அந்த அட்டைகள்தான் தொங்கின. கொண்டுவந்தவரை ஸ்டூலில் இருத்தி, எத்தனை எஞ்சின், எங்கே நின்றது, எத்தனை மணித்தியாலம் என்று கேட்டுக் கேட்டு ரெக்கோடரில் பதிந்தும் வைத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், துணிக்குக் கோடு போடும் சோக்கால் கதவுப் பலகையில் ஒரு கேள்வி எழுதுவார். பழைய கொமெட் கொழும்பிலிருந்து லண்டன் போகும் வழியில் எங்கெங்கே இறங்கியது? முன்பக்கம் மாடியும் இறக்கைக்குக் கீழே நாலு எஞ்சினும் வைத்தது எது? சரியான விடைக்குப் பரிசு, சட்டையில் விழுந்த பொத்தானைச் சும்மா தைத்துக் கொடுப்பது. சட்டம் மட்டும் கடுமை. ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். "அதாகவும் இரிக்கலாம், இதாகவும் இரிக்கலாம்" என்று இழுத்தவன் அந்தக் கிழமை முழுக்கப் போட்டியில் இல்லை.

இந்தக் கூத்தையெல்லாம் ஒரு சதத்துக்கும் மதிக்காத ஒரே ஆள், அவருடைய மனைவி ஸுல்பிகா. "ஒங்கட பிளேன் வந்து உலையில அரிசி போடுமா, நதீராட வாப்பா?" என்பாள். இருபது வருடக் குடித்தனத்தில் ஒரு கேள்விக்கும் அவள் சரியான விடை சொன்னதில்லை. சொல்ல முயன்றதுமில்லை.

கடைசியில் பிளேன் ஏறியது அவள்தான். மகள் நதீராவுக்குப் பதினாறு முடிந்திருந்தது. பெண்ணுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் இந்தப் பக்கத்தில் கலியாணப் பேச்சை எடுக்க முடியாது. வளவில் போட்ட அத்திவாரம் மூன்று மாரி மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. காற்சட்டை தைத்து அதன்மேல் சுவர் எழும்பாது என்று இருவருக்கும் தெரியும். 1982இல் ஸுல்பிகா ரியாத்தில் ஸாலிஹ் என்ற டொக்டர் ஒருவரின் வீட்டுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குப் போனாள். ஜவுபர் கட்டுநாயக்காவில் கம்பி வேலிக்கு வெளியே நின்று, அவள் ஏறிய பிளேன் மறையும்வரை பார்த்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு கிட்ட நின்று பார்த்த பிளேன் என்ன வகை என்று அவருக்குப் பிறகு ஞாபகமே வரவில்லை. அதை அவர் யாருக்கும் சொல்லவுமில்லை.

ரியாத்திலிருந்து அவள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய முதல் கசெட்டில், "எத்தின எஞ்சினெண்டு கேப்பீங்க. நான் ஏறினதில இருந்து இறங்குமட்டும் கண்ண மூடிட்டு இரிந்தன்" என்றாள். ஜவுபர் தலையில் அடித்துக்கொண்டார்.

சுவர் எழும்பியது. 1984 பிறந்ததும் கூரைக்கு ஓடும் போட்டாயிற்று. அந்தச் சங்கதியைத் துள்ளிக்கொண்டு எழுதினார். கடிதம் போன வேகத்தில், அந்த முகவரியில் ஆளில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. இன்னொன்று எழுதினார். அதுவும் வந்தது. அவளை அனுப்பிவைத்த கொழும்பு ஏஜென்ட்டைத் தேடிப் போனால் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜவுபருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போது, மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, சாய்ந்தமருது ஜுனைதா கடைக்குள் வந்தாள். ரியாத்தில் வேலை முடித்து அதற்கு முதல் நாள்தான் வந்திறங்கியவள்.

"ஜவுபர் நானா, ஒங்கட பொஞ்சாதிட கசெட் ஒண்டு இரிக்கி. பிளேனுக்குக் காத்திட்டிரிக்கக்குள்ள ஒரு புள்ள தந்திச்சு. ஆரெண்டு தெரியா, அதுக்கு இன்னொரு ஆள் குடுத்ததாம்."

அல்ஹம்துலில்லாஹ் என்று ஜவுபர் கையேந்தினார். நல்ல மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? கசெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளோடு இருந்து கேட்டிருக்க வேண்டும். ஆனால் முன்னால் நிற்பவள் பிளேனில் வந்த சூடு ஆறாத ஆள். பழக்கம் மனிதனை விடுமா? ஜுனைதாவை ஸ்டூலில் இருத்தினார், மேசையில் கிடந்த கசெட்டை எடுத்து ரெக்கோடரில் தள்ளினார், பதிவதற்கான இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினார்.

"எத்தின எஞ்சின், தங்கச்சி?"

"ஆருக்குத் தெரியும்? நான் நல்ல நித்திர."

மூன்று நிமிடம் இப்படியே போனது. நிறுத்திவிட்டுப் பார்த்தால், அவருடைய வெறும் கசெட் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. ரெக்கோடருக்குள் அதுவரை ஓடியது ஸுல்பிகாவின் கசெட்.

ஜுனைதா போனதும் கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார். முதலில் அவருடைய சொந்தக் குரல், எஞ்சின் விசாரித்தது. பிறகு ஜுனைதாவின் நித்திரை. பிறகு ஒரு 'டக்'. அதற்குப் பிறகு ஸுல்பிகா சொன்னாள்: "...இதான் எங்கட புது அட்ரசு. மறந்திருவீங்கெண்டு ரெண்டு தரம் சொல்லிட்டன். எழுதிட்டீங்கதானே?"

ஜவுபர் தையல் மெசினில் தலையை வைத்துப் படுத்துவிட்டார். அவளுடைய ஸலாம் போயிற்று, முகவரி போயிற்று. தன் வாயாலேயே அதை அழித்திருக்கிறார். இந்த வெட்கத்தை மகளிடம் எப்படிச் சொல்வது?

மிச்சம் இருந்தது முழுவதையும் கேட்டார். டொக்டரை வேறு ஊருக்கு, அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்களாம். வீட்டோடு அவளையும் கூட்டிப் போய்விட்டார்களாம். ரியாத்தைப் போல இல்லை, நல்ல குளிராம். பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"டொக்டர்ர பொஞ்சாதி இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்காவு. நான் நோன்பு துவங்குற தலைப்பிறை வரைக்கும் தவணை சொல்லியிரிக்கன். ஓடு போட்டாச்செண்டா உடனே எழுதுங்க, நான் வாறன். ஒங்கட பதில் வரல்லண்டா வீடு முடியல்லண்டு எடுத்துக்குவன். கையெழுத்து வெச்சிருவன். நதீராவப் பாக்காம என்னால ஏலாமத்தான் இரிக்கி. என்ன செய்ய?"

ஓடு போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல ஒரு முகவரி இல்லாததால் அவள் இன்னும் இரண்டு வருடம் கிடக்கப் போகிறாள். ஜவுபர் சாரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். மூன்றாவது தரம் கேட்கும்போதுதான் கடைசித் துண்டு அவர் காதில் ஏறியது.

"இந்த முறை ஒங்களுக்காகக் கண்ணத் துறந்து பாத்தன். சின்னப் பிளேன். எஞ்சின் ரெண்டு, இறக்கைக்குக் கீழ சுருட்டு மாதிரி ஒட்டிட்டிரிந்திச்சு. இடையில எங்கயும் நிக்கல்ல. பயத்தில யாசீன் ஓதினன். மேல எழும்பக்குள்ள துவங்கினன், நாலு தரம் ஓதி முடிய சக்கரம் தரையில முட்டிச்சு."

ஜவுபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது கேள்வி. அதுவும் அவருடைய பாடத்தில் வந்த கேள்வி! சுருட்டு எஞ்சின் இரண்டு என்றால் போயிங் 737. அப்படியானால் பெரிய பிளேன்கள் போகும் பெரிய நகரமல்ல. ரியாத்திலிருந்து நிற்காமல் போகும் சின்ன ஊர்களின் நேரமெல்லாம் யாரோ கொண்டுவந்த அட்டவணையில் இருந்தது. தெரிய வேண்டியது நாலு யாசீனுக்கு எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான். கை கால் கழுவி ஒழுச்செய்து வந்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, இறந்தவர்களுக்காக ஓதும் அந்தக் குர்ஆன் அத்தியாயத்தை ஓதினார். சரியாக இருபது நிமிடம். நாலுக்கு எண்பது நிமிடம். அட்டவணையில் விரலை ஓட்டினால் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு ஓர் ஊர்தான் வந்தது: அப்ஹா. மலையூர், குளிரூர். எல்லாம் பொருந்தி வந்தது.

மகளிடம், "ரெக்கோடர் கொஞ்சம் நாடாவச் சாப்பிட்டிச்சு மகள், அட்ரச நான் எழுதிட்டன்" என்று ஒரு பொய்யைச் சொன்னார். டொக்டர் ஸாலிஹ், அரச ஆஸ்பத்திரி, அப்ஹா என்று கடித உறையில் எழுதி, கல்முனைத் தபாற்கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே வேலை செய்யும் கனகேஸ்வரி பெரியநீலாவணையிலிருந்து வருகிறவள். ஜவுபரின் கேள்விகளுக்கு இரண்டு தரம் சரியாக விடை சொல்லிப் பொத்தான் வென்றவள்.

"தபால் பெட்டி நம்பர் இல்லயே நானா. ஊர் நிச்சயமோ?"

"நிச்சயம். ஒரு கேள்விக்கு ஒரு விட."

வேறு இரண்டு மூன்று ஊர்களுக்கும் ஒவ்வொரு கடிதம் போட்டிருந்தால் குடி முழுகியா போயிருக்கும்? தபாற்செலவைத் தவிர நட்டமில்லை. ஆனால் போட்டிச் சட்டத்தை எழுதியவருக்கு அந்தப் புத்தி வரவில்லை. ஏப்ரல் முழுவதும் காத்திருந்தார். மே மாத நடுவில், அப்படி ஒரு டொக்டர் இங்கே இல்லை என்ற குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது. நோன்புக்குப் பதினான்கு நாள் இருந்தது.

இனிக் கடிதம் போய்ச் சேராது. தந்திதான் வழி. அரபு நாட்டுக்குத் தந்தி என்றால் சொல்லுக்குச் சொல் காசு. ஏழெட்டு ஊருக்கு அடிக்க ஒரு தையல்காரனால் ஏலாது. அந்த வெள்ளிக்கிழமை கதவுப் பலகையில் கேள்வி எழுதப்படவில்லை. கேட்டவர்களுக்கு சோக் முடிந்துவிட்டது என்றார்.

இரண்டு நாள் கழித்து அடுத்த வளவு மைமூனா, புதுச் சட்டைக்குத் துணி கொண்டு வந்தாள். கொண்டுவந்த துணியைவிட அவளிடம் கதைதான் அதிகம்.

"ஸுல்பிகா ராத்தா எப்ப வாறாவு? அவ இல்லாம வெள்ளி ராவில மௌத்தானவங்கட பேரில யாசீன் ஓத எனக்கு மனமே இல்ல."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்டாவா ஓதுவீங்க?"

"என்ன நானா இது, பத்து வருசமா ஒங்கட ஊட்டுலதானே ஓதுறம்! ஒங்களுக்கு எங்க தெரியப் போகுது, நீங்க கடையில பிளேன் ஓட்டிட்டிரிப்பீங்க." மைமூனா சிரித்தாள். "ஆனா ஒண்டாத் துவங்குறதுதான், ஒண்டா முடிக்கிறல்ல. நான் முடிச்சி, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊத்திட்டு வாறன், அவ அப்பவும் 'ஸலாமுன் கவ்லன்' ஆயத்துல நிப்பா. அந்த ஆயத்த ஏழு தரம் ஓதாம தாண்ட மாட்டா. அவட உம்மா அப்படித்தான் பழக்கினதாம்."

ஜவுபரின் கையிலிருந்த நாடா நழுவிக் கீழே விழுந்தது. உலகத்திலுள்ள பிளேன்களெல்லாம் மணிக்கு எத்தனை மைல் பறக்கும் என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கு, தன் மனைவி யாசீன் ஓதும் வேகம் தெரியவில்லை. பத்து வருட வெள்ளி இரவுகளில் ஒரு நாளாவது வீட்டில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பட்டப்பகலில் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். நதீரா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"மகள், யாசீன் ஓது. ஒங்கட உம்மா ஓதுற மாதிரி. கொஞ்சமும் வேகமாக்கக் கூடாது."

"இப்பவா வாப்பா? என்னத்துக்கு?"

"ஓதன் மகள்."

பெண் கை கால் கழுவி வந்து ஓதினாள். தாயிடமே ஓதப் பழகியவள். ஒவ்வோர் ஆயத்தாக, வசனம் முடியும் இடத்திலெல்லாம் நின்று, மூச்செடுத்து, அடுத்ததைத் தொடங்கினாள். ஸலாமுன் கவ்லனில் ஏழு தரம் நின்றாள். ஜவுபர் மணிக்கூட்டைப் பார்க்கத்தான் உட்கார்ந்தார். பாதியிலேயே அவருக்கு முள் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. ஸுல்பிகா அந்த அறையில் இருப்பதுபோல இருந்தது. அவளை எப்படி இரண்டு வருடம் அந்த நாட்டில் விட்டுவைத்தேன் என்று சாரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் முடித்தபோது இருபத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

நாலுக்கு நூற்றுப் பன்னிரண்டு. அட்டவணையில் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஓர் ஊர் இருந்தது. வடக்கே, ஜோர்தான் எல்லைப் பக்கம், மதரஸாவில் நபிகளின் சரித்திரம் படித்த நாள் முதல் அவருக்குத் தெரிந்த பெயர்: தபூக்.

கனகேஸ்வரி தந்திப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இந்த முறையும் நிச்சயமோ நானா?"

"இல்ல புள்ள," என்றார் ஜவுபர். "ஆனா எனக்கு வேற வழியில்ல."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள். பேர், ஆஸ்பத்திரி, ஊர். சங்கதி மூன்று சொல், ஆங்கில எழுத்தில்: ஓடு போட்டாச்சு வா.

அடுத்த எட்டு நாளில் ஜவுபர் தைத்த சட்டைகளை ஊரில் சிலர் இன்னும் வைத்துச் சிரிக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு கையும் இடக் கை. நோன்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, கனகேஸ்வரி தபாற்காரனிடம் கொடுக்காமல் தானே குடையைப் பிடித்துக்கொண்டு பஸாருக்குள் நடந்து வந்தாள். கதவடியில் நின்றபடியே வாசித்தாள். டொக்டர் ஸாலிஹ் ஆங்கிலத்தில் அடித்திருந்தார். ஸுல்பிகா கையெழுத்து வைக்கவில்லை, ஜூன் ஏழாம் திகதி கொழும்பில் இறங்குகிறாள். ஜவுபர் அவளுடைய குடையை வாங்கி, கழன்று நின்ற கம்பியைத் தைத்துக் கொடுத்தார்.

ஏழாம் திகதி வேன் ஒன்று பிடித்துக்கொண்டு வாப்பாவும் மகளும் கட்டுநாயக்காவுக்குப் போனார்கள். ஸுல்பிகா மெலிந்து, கறுத்து, ஒரு பெரிய பெட்டியோடு வெளியே வந்தாள். நதீராவைக் கட்டிப்பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை. திரும்பி வரும் வழியில் மஹியங்கனையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நோன்பு திறக்க நிறுத்தினார்கள். பெட்டியைத் திறந்து பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்த ஸுல்பிகா, தேத்தண்ணி குடித்த பிறகு கேட்டாள்.

"நதீராட வாப்பா, தந்தியில பெட்டி நம்பர் இல்ல, தெரு இல்ல. ஆஸ்பத்திரியெல்லாம் சுத்தித்தான் டொக்டர்ர கைக்கு வந்திச்சாம். நான் கசெட்டில ரெண்டு தரம் சொன்னனே, ஏன் எழுதல்ல?"

இனி ஒளிக்க இடமில்லை. ஜவுபர் எல்லாவற்றையும் சொன்னார். ஜுனைதாவின் நித்திரை, இரண்டு பொத்தான், மகளுக்குச் சொன்ன பொய், அப்ஹாவிலிருந்து திரும்பி வந்த கடிதம். நதீரா வாயைப் பிளந்தபடி வாப்பாவைப் பார்த்தாள். ஸுல்பிகாவின் முகம் சிவந்தது.

"ரெண்டு மாசம்! நாளைக்கு நாளைக்கெண்டு ரெண்டு மாசம் தபால் பாத்திரிந்தன். ஒங்களுக்கு நான் பெரிசா, எஞ்சின் பெரிசா?"

ஜவுபர் தலையைக் குனிந்துகொண்டார். மீதியையும் சொன்னார். தன்னுடைய இருபது நிமிடத்தையும், மைமூனா சொன்னதையும், மகள் ஓதிய இருபத்தெட்டு நிமிடத்தையும்.

ஸுல்பிகா கோப்பையை வாங்குப் பலகையில் வைத்தாள்.

"அப்ப அட்ரசே இல்லாமத்தானா என்னத் தேடிப் புடிச்சீங்க?"

"ஓம் புள்ள."

"அந்தப் பிளேனில ஏத்தக்குள்ள எந்த ஊருக்கெண்டும் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல. இனி நான் எங்க இரிக்கனெண்டு உலகத்தில ஒரு மனிசருக்கும் தெரியாது, மௌத்தாப் போனாலும் தேடி வர ஆளில்லண்டு நினைச்சன்," என்றாள் அவள். "அதாலதான் எனக்கு நானே யாசீன் ஓதினன்."

ஜவுபர் அந்தக் கடை வாசலில், வேன்காரனும் மகளும் பார்த்திருக்க, வாய்விட்டு அழுதார்.